நூற்றாண்டுக் குவில்ற்: சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்

(எமது சங்கத்தின் கனடாக் கிளை நடத்திய நூற்றாண்டு ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவுக்காக நாங்கள் தைக்கும் குவில்ற் எந்த அளவில் நிற்கிறது என்று சொல்லும்படி செயலாளர் என்னைக் கேட்டிருந்தார். கடந்த இரண்டு கிழமையாக தொலைபேசியிலும் வட்சப்பிலும் எனக்கு வரும் கேள்வியும் அதுதான். "நூறு துண்டும் வந்து சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தியும் ஆயிற்று. பிறகென்ன, மெசினில் ஏற்றித் தைத்து முடிக்கலாம்தானே? ஏன் இன்னும் ஒரு மாதம் கேட்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. இந்த ஒரு மாதம் ஏன் வேண்டும் என்பதற்குத்தான் இன்றைய பேச்சு.

முதலில், குவில்ற் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அது மூன்று அடுக்கு. மேலே நாங்கள் துண்டு பொருத்திச் செய்த மேல்விரிப்பு. நடுவிலே தகடாகப் படிந்த பஞ்சு. கீழே ஒரு அடித்துணி. இந்த மூன்றையும் சேர்த்து மேலிருந்து கீழ்வரை ஊடுருவித் தைக்கும் தையல்தான் அதைக் குவில்ற் ஆக்குகிறது. அந்தத் தையல் போடும்வரை அது மூன்று தனித்தனித் துணிகள்தான். எங்களுக்கு இது அடியோடு புதிதும் அல்ல. பழைய நூற்சேலையை நாலாக மடித்து நூலோடித் தைத்து, பிள்ளைக்கு விரித்த அம்மம்மாமார் எங்கள் எல்லார் வீட்டிலும் இருந்தார்கள். வங்காளத்திலே பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதைக் காந்தா என்கிறார்கள். வட அமெரிக்கக் குவில்ற்றில் நடுவில் பஞ்சும் இருக்கிறது.

இந்த நாட்டுப் பெண்கள் முன்பு மரச்சட்டத்தில் துணியை விரித்துக் கட்டி, அதைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் இருந்து கையால் தைத்தார்கள். சில வீடுகளில் அந்தச் சட்டத்தைக் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, தைக்காத நேரம் மேலே இழுத்துவிடுவார்களாம். நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் லோங்ஆம் இயந்திரம் அந்தச் சட்டத்தின் பேர்த்திதான். பெயர் சொல்வதுபோல அதற்குக் கை நீளம். எங்கள் வீட்டுத் தையல் மெசினில் ஊசிக்கும் பின்பக்கத் தூணுக்கும் இடையில் ஒரு சாணுக்குக் கிட்டத்தட்ட இடம் இருக்கும். லோங்ஆமில் அது 18 அங்குலம் முதல் 30 அங்குலம் வரை வரும். சட்டம் 10 அடி, 12 அடி, 14 அடி என்று நீளும். நாங்கள் எடுத்திருப்பது 12 அடிச் சட்டம், 26 அங்குலக் கை.

வீட்டு மெசினுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அளவிலே இல்லை. வீட்டு மெசினில் ஊசி ஒரே இடத்தில் நிற்கும், துணி நகரும். ஊசிக்குக் கீழே இருக்கும் பற்கள் துணியைத் தள்ளும், நாங்கள் இரண்டு கையாலும் அதை வழிநடத்துவோம். ஒரு பக்கம் கூடிவிட்டால் விரலால் சற்று இழுத்து, சற்று விட்டு, சரிக்கட்டுவோம். லோங்ஆமில் துணி அசையாது. இயந்திரம்தான் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் இடமும் வலமும் ஓடும். அதற்குத் துணியைத் தள்ளும் பல் இல்லை. என்ன விரித்துக் கொடுக்கிறோமோ, எப்படி விரித்துக் கொடுக்கிறோமோ, அதை அப்படியே தைக்கும். சுருக்கத்தோடு கொடுத்தால் சுருக்கத்தோடு தைக்கும். கோணலாகக் கொடுத்தால் கோணலைக் கல்வெட்டாக்கி வைக்கும்.

குவில்ற் தைப்பவர்களிடையே ஒரு பேச்சு உண்டு: "கவலைப்படாதே, தைக்கும்போது எல்லாம் சரியாகிவிடும்." நான் பதினொரு வருடமாக இந்த இயந்திரத்தில் தைக்கிறேன். தைக்கும்போது எதுவும் தானாகச் சரியாவதை நான் காணவில்லை. சரியாக்க வேண்டியதெல்லாம் ஏற்றுவதற்கு முன்னர் சரியாக்க வேண்டியதுதான். அதனால்தான் அந்த ஒரு மாதம்.

இன்னொரு காரணமும் உண்டு. புதுத்துணியிலே பிழையாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். எங்கள் விரிப்பிலே இருக்கும் துணிகள் அப்படியானவை அல்ல. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே நடந்தபோது ஒரு தாய் மகளின் பாடசாலைச் சீருடையைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அந்தச் சீருடையிலிருந்து வெட்டிய துண்டு எங்களுக்கு வந்திருக்கிறது. வெள்ளை மங்கி, பிடித்தால் விரல் தெரியும் அளவுக்கு இழை நைந்துபோன துணி. அதிலே ஒரு தரம் ஊசி போட்டுப் பிரித்தால் அந்த ஓட்டைகள் மூடாது. எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு தடவை.

சரி, இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மேல்விரிப்பு. நூறு வருடத்துக்கு நூறு துண்டு, வரிக்குப் பத்தாகப் பத்து வரி. ஒவ்வொரு துண்டும் தைத்து முடிந்தபின் 9 அங்குலச் சதுரம் வரவேண்டும். தையலுக்கு நாலு பக்கமும் கால் அங்குலம் விட்டு 9½ அங்குலமாக அனுப்பும்படிதான் கேட்டிருந்தோம். வந்தவை 9 அங்குலத்திலிருந்து 10 அங்குலம்வரை இருந்தன. சிரிக்காதீர்கள், அளவுநாடா நாட்டுக்கு நாடு வேறாம் என்று ஒரு அக்கா எனக்கு விளக்கம் சொன்னார்.

ஒரு துண்டில் அரைக்கால் அங்குலம், அதாவது 1/8 அங்குலம், கூடினால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வரியில் பத்துத் துண்டும் அப்படிக் கூடினால் அந்த வரி ஒன்றேகால் அங்குலம் நீளும். அடுத்த வரி அதேயளவு குறைந்திருந்தால் இரண்டு வரிக்கும் இடையில் வித்தியாசம் இரண்டரை அங்குலம். அந்த இரண்டையும் ஒன்றாகப் பொருத்தினால் ஒன்று மேடு, மற்றது பள்ளம். ஆகவே சிறியதாக வந்த துண்டுகளுக்குச் சுற்றிவர ஒரு மெல்லிய பட்டி வைத்துப் பெருப்பித்தோம். பெரியவற்றை வெட்டினோம், ஆனால் யாருடைய பூத்தையலிலும் கத்தரிக்கோல் படவில்லை. எந்தத் துண்டையும் திருப்பி அனுப்பவில்லை. அது செயற்குழு எடுத்த முடிவு. நல்ல முடிவு.

அமெரிக்காவில் எயிட்ஸ் நோயினால் இறந்தவர்களுக்காகத் தைத்த நினைவுக் குவில்ற்றை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். 1987 ஒக்ரோபர் 11ஆம் திகதி வோஷிங்டனில் அதை முதன்முதலில் விரித்தபோது 1920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொரு துண்டும் 3 அடி அகலம், 6 அடி நீளம். பெயர் எப்படி எழுதுவது, என்ன துணி, என்ன நிறம் என்பதெல்லாம் தைத்தவர்களின் விருப்பம். அளவு மட்டும் பொது. எட்டுத் துண்டு சேர்ந்தால் 12 அடிச் சதுரம். எத்தனையோ ஊர்களில் ஒருவரையொருவர் அறியாதவர்கள் தைத்தவை ஒன்றோடொன்று சேர்ந்ததற்கு அந்த அளவுதான் வழி. எங்கள் 9½ அங்குலத்தையும் அப்படித்தான் நினைத்தோம்.

நூறும் சேர்ந்தால் 90 அங்குலச் சதுரம். சுற்றிவர 3 அங்குலக் கரைப்பட்டி வைத்தால் 96 அங்குலம். இந்தக் கரைப்பட்டியில்தான் கூடுதலானவர்கள் அவசரப்படுவார்கள். நீளமான பட்டியை ஒரு முனையிலிருந்து தைத்துக்கொண்டு போய், மற்ற முனையில் மிஞ்சியதை வெட்டிவிடுவார்கள். விளிம்பு எப்போதும் சற்று நெகிழ்ந்திருக்கும், ஆகையால் பட்டியும் அந்த நெகிழ்வின் அளவுக்குக் கூடுதலாக உள்ளே போய்விடும். சட்டத்தில் ஏற்றிப் பார்த்தால் ஓரம் கடல் அலை மாதிரி நிற்கும். நாங்கள் விரிப்பின் நடுவிலும் இரு பக்கத்திலும் அளந்து, மூன்றின் சராசரிக்குப் பட்டியை முதலில் வெட்டி, நடுவுக்கு நடுவும் முனைக்கு முனையும் குண்டூசி குத்திய பிறகே தைத்தோம். நாலு பட்டிக்கும் இரண்டு மாலைப்பொழுது போயிற்று.

இனி மீதியுள்ள வேலை. தையல் மூட்டுக்கள் எல்லாம் ஒரு பக்கத்துக்குப் படியும்படி அயன் பண்ண வேண்டும். அயன் பெட்டியை இழுக்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். இழுத்தால் துணி இழுபடும். பிறகு பின்பக்கத்தில் தொங்கும் நூல்களை வெட்ட வேண்டும். வெள்ளைத் துணிக்குக் கீழே ஒரு கறுப்பு நூல் கிடந்தால் அது மேலே நரம்பு மாதிரித் தெரியும். தைத்த பிறகு அதை எடுக்க வழியில்லை. ஓரத்தில் பிரிந்திருக்கும் மூட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்து, சுற்றிவர விளிம்பிலிருந்து 1/8 அங்குலம் தள்ளி ஒரு காப்புத் தையல் ஓட வேண்டும். கடைசியாக, எது தலைப்பக்கம் என்று ஒரு சட்டைப்பின் குத்தி அடையாளம் வைக்க வேண்டும். எங்கள் விரிப்பிலே எழுத்துகள் இருக்கின்றன. தலைகீழாக ஏற்றிவிட்டால் பிறகு முழுக் குவில்ற்றையும் தலைகீழாக நின்று தைக்கவேண்டி வரும்.

சாயம் போகும் துணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பும் கருநீலமும் எங்களுக்குப் பயம் தந்தன. ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொன்றையும் ஒற்றிப் பார்த்தோம். மூன்று துண்டு சாயம் விட்டது. தண்ணீர் தெளியும்வரை அவற்றை அலசி எடுத்தோம். பட்டுத் துண்டுகளுக்கும், அந்தச் சீருடைத் துண்டுக்கும், பின்பக்கத்தில் மெல்லிய துணி ஒன்று வைத்துத் தாங்கல் கொடுத்திருக்கிறோம்.

அடித்துணி. இதை யாரும் பார்ப்பதில்லை என்று நினைக்கிறார்கள். சட்டத்தில் இழுவையைத் தாங்குவது இதுதான், மேல்விரிப்பு அல்ல. எல்லாப் பக்கமும் மேல்விரிப்பை விட 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் பக்கங்களில் கவ்விப் பிடிப்பதற்கும் இயந்திரத்தின் தலை தட்டாமல் ஓடுவதற்கும் இடம் தேவை. ஆகவே எங்களுக்கு 104 அங்குலச் சதுரம் வேண்டும். 108 அங்குல அகலத்தில் இதற்கென்றே துணி விற்கிறார்கள். ஆனால் எங்கள் பாடசாலை நிறத்தில் அது கிடைக்கவில்லை. சாதாரண 44 அங்குலத் துணியில் மூன்று அகலம் பொருத்துகிறோம், எட்டு மீற்றர் போகும்.

இதிலே கவனிக்க இரண்டு விடயம். ஒன்று, பொருத்தும் இடத்தில் துணியின் கரையை வெட்டி எடுத்துவிட வேண்டும். கரையிலே நெசவு இறுக்கம், துவைத்தால் அது ஒரு விதமாகவும் துணி இன்னொரு விதமாகவும் சுருங்கும். இரண்டு, மூட்டுகள் உருளைக்குச் சமாந்தரமாகக் கிடையாக வரவேண்டும், நிலைக்குத்தாக வரக்கூடாது. நிலைக்குத்தாக வந்தால் உருளையில் சுற்றச் சுற்ற அந்த மூட்டு ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தடித்துவிடும். நடு இறுகும், இரண்டு பக்கமும் தொய்யும்.

பிறகு அது உண்மையிலே சதுரமா என்று பார்க்க வேண்டும். நாலு பக்கமும் 104 அங்குலம் வந்தால் மட்டும் போதாது, சாய்ந்த கட்டத்துக்கும் நாலு பக்கமும் சமமாகத்தான் இருக்கும். ஊரிலே வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது மேசன்மார் மூலைக்கு மூலை கயிறு பிடித்து மூலைமட்டம் பார்த்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதேதான். இரண்டு மூலைவிட்டமும் சமமாக வரவேண்டும். எங்கள் துணிக்கு அது 147 அங்குலம். அடித்துணி கோணலாக ஏறினால் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தொய்யும், அதன்மேலே வைக்கும் எதுவும் நேராக நிற்காது.

பஞ்சு. பருத்தியும் பொலியெஸ்ரரும் கலந்த, 80க்கு 20 என்று விற்கும் பஞ்சு வாங்கியிருக்கிறோம். பையிலே இறுக்கி அடைத்து வருவதால் அதிலே மடிப்பு இருக்கும். முதல்நாள் இரவே விரித்து விட்டால் மடிப்பு இறங்கிவிடும். பஞ்சின் பையிலே ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள்: தையலுக்கும் தையலுக்கும் இடையில் அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று. எங்களுடையதில் 8 அங்குலம். அதற்குமேல் வெறுமையாக விட்டால் காலப்போக்கில் பஞ்சு உள்ளே விலகிக் கட்டிபடும். இந்த 8 அங்குலத்தை நினைவில் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

இனி ஏற்றுதல். தறியிலே பாவு சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சட்டத்தில் நீளமான உருளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு உருளையிலும் லீடர் என்று சொல்லும் தடித்த கன்வஸ் துணி நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் சரிநடுவில் ஒரு கோடு இருக்கும். எங்கள் அடித்துணியை நடுவாக மடித்து, அங்கேயும் ஒரு அடையாளம் வைத்து, நடுவோடு நடுவைச் சேர்த்து முதல் குண்டூசியை அங்கேதான் குத்த வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கக் கூடாது. நடுவிலிருந்து இடதுபக்கம், பிறகு நடுவிலிருந்து வலதுபக்கம், ஒன்றரை இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக. அடித்துணியின் நல்ல பக்கம் நிலத்தைப் பார்க்க வேண்டும். தலைப்பக்கம் தையல் முடிந்ததைச் சுற்றி எடுக்கும் உருளையில், கால்பக்கம் எதிர் உருளையில். பிறகு இரண்டு பேர் இரண்டு முனையிலும் நின்று, சுருக்கம் இல்லாமல் தடவித் தடவிச் சுற்ற வேண்டும்.

பஞ்சையும் மேல்விரிப்பையும் பொதுவாக அப்படிக் குத்துவதில்லை. பஞ்சை அடித்துணியின்மேல் படர விட்டு, இயந்திரத்தின் ஒரு சில்லைப் பூட்டி, அது இடமும் வலமும் மட்டும் ஓடும்படி செய்து, குறுக்கே ஒரு நேர்கோடு தைக்கிறோம். அந்தக் கோடுதான் எங்கள் அத்திவாரக் கயிறு. மேல்விரிப்பின் தலை ஓரத்தை அந்தக் கோட்டின்மேல் நடுவுக்கு நடுவாக வைத்து, தற்காலிகத் தையலால் பிடித்துவிடுகிறோம். மீதி முழுவதும் முன்பக்கம் தளர்வாகத் தொங்கும். தன் பாரத்திலேயே அது படியும். பலர் முன்கூட்டியே மூன்று அடுக்கையும் சட்டைப்பின் குத்தி இணைத்துக்கொண்டு வருவார்கள். லோங்ஆமுக்கு அது தேவையில்லை, அது இடைஞ்சல். அடுக்குகள் தனித்தனியாக வந்தால்தான் ஒவ்வொன்றையும் அதனதன் இயல்பிலே விரிக்க முடியும்.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: எவ்வளவு இறுக்குவது? புதிதாகத் தைப்பவர்கள் தவில் தோல் மாதிரி இறுக்கிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஒரு சுருக்கமும் தெரியாது. ஆனால் துணி அவ்வளவு இறுகினால் ஊசி வளையும், தையல் தவறும், நூல் அறும். எல்லாவற்றையும் விட மோசமானது, சட்டத்தால் இறக்கியதும் அடித்துணி தன் பழைய அளவுக்குச் சுருங்கி மேல்விரிப்பை இழுத்துச் சுருக்கிவிடும். சட்டத்தில் இருக்கும்வரை நேராகத் தெரிந்தது, இறக்கிய பிறகு கோணலாகிவிடும். சரியான அளவுக்கு ஒரு சோதனை உண்டு. அடியிலிருந்து ஒரு விரலால் மேலே தள்ளுங்கள். மேலே இருக்கும் கையால் அந்த விரல் நுனியைத் துணியோடு சேர்த்துப் பிடிக்க முடிந்தால் அளவு சரி. பிடிக்க முடியாவிட்டால் அரைப் பல் தளர்த்துங்கள். பக்கக் கவ்விகளும் அப்படித்தான். அவை துணியை நேராக வைத்திருக்க மட்டுமே, இழுப்பதற்கு அல்ல.

ஏதாவது ஒரு துண்டு நடுவிலே குமிழ்த்து நின்றால் கை தானாக அதைப் பக்கத்துக்கு இழுக்கப் போகும். இழுத்தால் அந்தக் குமிழ் போகாது, பக்கத்துத் துண்டுக்குப் போகும், அங்கிருந்து ஓரத்துக்குப் போகும். அதைச் சுற்றிவரப் பிடித்து, நீராவி காட்டி, மிஞ்சியதை அந்தத் துண்டுக்குள்ளேயே பகிர்ந்து சற்று நெருக்கமாகத் தைத்தால் பஞ்சு அதை வாங்கிக்கொள்ளும். ஒரு துண்டின் குறையை அந்தத் துண்டுக்குள்ளேயே தீர்ப்பது. அதைச் செய்யப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

26 அங்குலக் கை என்றாலும் உருளைகளின் தடிப்பும் கழிய ஒரு தடவையில் பதினைந்து பதினாறு அங்குலம்தான் தைக்கலாம். ஆகவே ஆறேழு தடவை சுற்றி முன்னேற வேண்டும். ஒவ்வொரு சுற்றின் பிறகும் இயந்திரத்தைப் பூட்டிக் குறுக்கே ஓடவிட்டு, துண்டுகளின் வரி நேராக நிற்கிறதா, பக்க ஓரம் உள்ளே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சுற்றச் சுற்ற உருளை தடிக்கும், ஆகவே அதையும் சற்றுச் சற்று உயர்த்த வேண்டும். பொபின் நூலின் இறுக்கத்தை ஒவ்வொரு தடவையும் ஓரத்து மிச்சத் துணியில் தைத்துப் பார்த்தபின்தான் உள்ளே போகவேண்டும். இயந்திரத்தை நாங்கள் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். வீட்டு மேசையில் செய்யவேண்டிய வேலையை அங்கே போய்ச் செய்தால் சங்கத்தின் காசுதான் கரையும்.

இனி, அந்த 8 அங்குலக் கதை. இதிலேதான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. அதையும் சபையிலே சொல்வதுதான் முறை.

எங்களுக்கு வந்த துண்டுகளில் ஒன்று மணி கோத்த பூத்தையல். பாடசாலை முற்றத்து வேப்பமரம். இலை ஒவ்வொன்றும் பச்சை மணி. அதைத் தைத்த அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு தைத்தவர். மரத்தின் வலது பக்கக் கிளைக்கு மணி வைக்க அவருக்கு நாள் போதவில்லை. அவருடைய மகள் அதை அப்படியே எங்களுக்கு அனுப்பியிருந்தார். லோங்ஆமின் பாதம் துணிமேலே துள்ளித் துள்ளி ஓடும். அது மணியில் பட்டால் மணி உடையும், ஊசி முறியும், முறிந்த ஊசி துணியைக் கிழிக்கும். மணி உள்ள துண்டை அதன் கீழே விடவே முடியாது.

மூன்று யோசனை வந்தது. மணிகளைக் கழற்றிவிட்டு, தைத்தபின் திரும்பக் கோத்துவிடலாம் என்றார் ஒருவர். துண்டைத் தனியாகச் சட்டமிட்டுப் பாடசாலையில் மாட்டலாம், குவில்ற்றில் வேறொன்றை வைக்கலாம் என்றார் இன்னொருவர். யாராவது மிச்சக் கிளைக்கும் மணி கோத்து முடித்துவிடுங்கள் என்றும் ஒரு குரல் வந்தது. எல்லாம் அன்பினால் சொன்னவைதான். ஆனால் மணிகளைக் கழற்றினால் திரும்பக் கோப்பது வேறு ஒருவருடைய கை. அந்த அக்காவின் கை நின்ற இடம் எதுவென்று பிறகு யாருக்கும் தெரியாது. சட்டமிட்டுத் தனியே மாட்டினால் நூறிலே அவர் இல்லை.

நாங்கள் எடுத்த முடிவு இது. துண்டு தன் இடத்திலேயே இருக்கும். ஏற்றும்போது அதன் நாலு பக்கமும் மூட்டுக்கு வெளியே இயந்திரத்தால் தைத்து, அந்த 9 அங்குலச் சதுரத்தை மட்டும் தொடாமல் தாண்டிப் போவோம். ஆனால் 9 அங்குலம் வெறுமையாக நின்றால் பஞ்சு நிலைக்காது, அதற்கு 8 அங்குலம்தான் கணக்கு. ஆகவே சட்டத்தால் இறக்கியபின், மரத்தின் அடியைச் சுற்றியும் மணிகளுக்கு இடையிலும் கையால் தைத்துப் பிடிக்க வேண்டும். மணி வைக்காத கிளை அப்படியே வெறுமையாக இருக்கும். அந்தக் கைத்தையலை அவருடைய வகுப்புத் தோழிகள் நாலு பேர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். நாலு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. கண்ணாடியை மாற்றிக்கொண்டு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சீருடைத் துண்டுக்கும் இதேபோல் ஒரு முடிவு உண்டு. அதன்மேலே நெருக்கமான தையல் வராது. அகலமான, எளிய கோடுகள் மட்டும். ஊசி ஓட்டைகள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அந்தத் துணி நீண்ட நாள் இருக்கும்.

ஒரு மாதம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். இயந்திரத்தில் தைப்பது இரண்டு நாள் வேலை. நூறு பேர் அனுப்பியதை, ஒருவரையும் இழுக்காமல், ஒருவரையும் விடாமல், எல்லாரையும் ஒரே மட்டத்தில் விரித்து வைப்பதற்குத்தான் மாதம் வேண்டும்.

இப்போது உங்களிடம் சில உதவிகள் கேட்கிறேன். வருகிற சனிக்கிழமை நூல் வெட்டும் வேலை. சிறிய கூர்க் கத்தரிக்கோல் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். தைக்கத் தெரியாது என்று யாரும் நின்றுவிட வேண்டாம், இந்த வேலைக்குக் கண்தான் வேண்டும். அடுத்த சனிக்கிழமை அடித்துணி பொருத்தி மூலைமட்டம் பார்ப்பது. அதற்குத் துணியைப் பிடிக்க ஆறு பேர் போதும். உயரமானவர்கள் வந்தால் நல்லது. ஏற்றும் நாளுக்கு நாலு பேருக்குமேல் வேண்டாம், சட்டத்தைச் சுற்றி இடம் இல்லை. பார்க்க விரும்புபவர்கள் மத்தியானத்துக்குப் பிறகு வாருங்கள், தேநீர் தருவோம். துணிக்குக் கிட்ட மட்டும் தேநீரைக் கொண்டுவர விடமாட்டேன்.

குவில்ற் ஊருக்குப் போனபின் மண்டபச் சுவரில் தொங்கப் போகிறது. அதன் பின்பக்கம் தலையோரத்தில் 4 அங்குல அகலத்தில் ஒரு துணிக்குழாய் தைத்துவிடுவோம், தடி கோத்துத் தொங்கவிடுவதற்கு. நேர்வெயில் படும் சுவரிலே மாட்டவேண்டாம் என்று அதிபர் அவர்களுக்கு எழுதியிருக்கிறோம். வருடத்துக்கு ஒரு தடவை இறக்கி, காற்றாட விட்டு, சுருட்டி வைத்து, பிறகு மாட்டும்படியும் கேட்டிருக்கிறோம். மடித்து அலுமாரியில் வைத்தால் மடிப்பிலே துணி வெடிக்கும்.

உங்களில் யாராவது ஊருக்குப் போய் அதைக் கண்டால், உங்கள் துண்டைத் தேடுங்கள், தவறில்லை. அதன்பிறகு ஓரத்தை மெல்லத் தூக்கி அடித்துணியையும் ஒரு தடவை பாருங்கள். முன்பக்கத்தில் போட்ட ஒவ்வொரு தையலும் அங்கேயும் தெரியும்.